பயிர்ப் பாதுகாப்பு

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள்
தொண்டி காவல் நிலையத்துக்குத்
துப்பாக்கிகள் வரத் தொடங்கும்.
துணிப்பையில் ஒன்று,
கோரைப்பாயில் சுருட்டி ஒன்று,
டிவிஎஸ் வண்டியின் காலடியில் குறுக்கே கிடந்து
வழியெல்லாம் கருவேலங்கிளையைத் தட்டிக்கொண்டு ஒன்று.
என் சரகத்தில் ஒன்பது உரிமங்கள்.
பேரேடு என் பொறுப்பு.
நிலைய எழுத்தர் என்றால்
எழுதுகிறவள், அவ்வளவுதான்.

ஏழாவதாகக் குமரய்யா சேர்வை.
இரட்டைக்குழல். கட்டை தேய்ந்து
கன்னம் வைக்கும் இடம் மட்டும் பளபளப்பு.
உரிமத்தில் காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.
பயிர் என்றால் இறால்.
பண்ணைக்கு நீர்க்காகம் வந்தால்
வானத்தைப் பார்த்துச் சுடுவாராம்.
வானத்தைத்தானா என்று நான் கேட்டதில்லை.

"அஞ்சு வருசத்துக்கொருக்க
திருட்டுப்பய மாதிரி வந்து நிக்கணும்.
மருமகன் டல்லாஸ்ல ஆறு வச்சிருக்கான்,
ஒருத்தன் கேக்க முடியாது.
அங்கிட்டு அது உரிமைம்மா."
தட்டிய தட்டில் முத்திரைக்கட்டை உருண்டு
என் மடியில் விழுந்தது.
நான் எழுதிக்கொண்டிருந்தது உரிமம்.
கடைசி எழுத்தில்தான் வித்தியாசம்.

கார்பன் தாள் தீர்ந்திருந்தது.
வாங்கிவர ஆள் போயிருந்தான்.
காத்திருக்கும் நேரத்தில் மனிதர்கள்
கேட்காததைச் சொல்வார்கள்.

பேத்திக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பினாராம்,
ராமநாதபுரம் அரண்மனை வாசலில் வாங்கியது,
மிதித்தால் குதிகாலில் சிவப்பும் பச்சையும் மின்னும்.
கூரியருக்கு மட்டும் மூவாயிரம்.
ஒருநாள்கூடப் பள்ளிக்குப் போட்டுப் போகவில்லை.
வீடியோவில் கேட்டிருக்கிறார்,
அளவு பத்தலையா கண்ணு?
இல்ல தாத்தா,
விளக்க அணைச்சுட்டு அலமாரிக்குப் பின்னால
சத்தம் போடாம உக்காந்து பழகுவோம்ல,
அப்ப மின்னுனா
வர்றவனுக்குத் தெரிஞ்சுடும்.

யாரு வர்றது?

ஆறு வயது. தமிழ் கொஞ்சம் திக்கும்.
வர்றவன்தான், என்றாளாம்.

சேர்வை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதுக்குத்தான் ஆறு வேணுங்கிறான் மருமகன்.
அதாலதான் வேண்டாங்கிறா மக.
ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காக.
ஒண்ணாத்தான் சாப்புடுறாக."

தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
சோளியக்குடி ஜெஸ்டின்
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து
பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.
வலது தோளில், சட்டைக்கு உள்ளே, ஒரு பள்ளம்:
இரண்டு வருடம் முந்தி, எல்லைக்குப் பக்கத்தில், ராத்திரி.
"அக்கா, ஒரு தடவ தூக்கிப் பாக்கட்டுமா?
கிட்டத்துல பாத்ததே இல்ல."
விதிப்படி கூடாது.
தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.
சீலாவைத் தூக்குவதுபோல்
இரு உள்ளங்கையிலும் ஏந்தி
லேசாக ஏற்றி இறக்கினான்.
"மூணே கால் கிலோ."
ஏலக்கூடத்து நிதானம்.
"இம்புட்டுத்தானா," என்றான், எங்களிடம் அல்ல.
திருப்பித் தந்துவிட்டுக்
கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்,
மீன் தொட்ட பழக்கத்தில்.
சேர்வை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
தோளைப் பார்த்தார்.

வாக்குப் போட்டார்கள், எண்ணினார்கள், வேட்டு வெடித்தார்கள்.
எட்டுத் துப்பாக்கிகள் வீடு திரும்பின.
மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டேன்.
ரசீது தொலைந்துவிட்டதாம்.
அவர் அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
மேலே தட்டிப் பார்த்துக்கொண்டதைக் கண்டவள் நான்.
நகல் தர எனக்கு அதிகாரம் உண்டு.
வெற்றுத் தாளொன்றை அந்தப் பக்கத்தில் செருகி
நாளைக்கு, நாளைக்கு என்றிருக்கிறேன்.
உப்புக்காற்றில் இரும்பு நிற்காது,
எண்ணெய் போட்டு வையுங்கள் என்றார்
மாவட்ட ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தவர்.
கேட்காததுபோல்
வேறொரு பக்கத்தைப் புரட்டினேன்.